முதல் இழுப்பு

அவள் படையல் இலையோரம் இருந்த சிகரெட் பெட்டியைத் திருப்பி வைத்தாள்.

பின்பக்கத்திலும் அதே படம்தான். அழுகிப்போன தொண்டை. கீழே, நிறுத்த நினைப்பவர்கள் கூப்பிடுவதற்கு ஓர் எண்.

அந்த எண்ணில் ஒருமுறை அவளே பேசியிருக்கிறாள். பக்குவமாகத்தான் சொன்னார்கள். அவளிடம் சொல்லி என்ன செய்ய? குடித்தது அவளா?

கணவர் போய் முதல் அமாவாசை. இலையில் வடையும் பாயசமும் இருந்தன.

சிகரெட் மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் கேட்கவில்லை. அண்ணன் கடைசிவரை அதற்காகத்தான் தவித்தான், அந்த ஆசையோடு அலையவிடாதீர்கள் என்று அழுதாள். செத்தவனுக்கு இனி என்ன வியாதி வரப்போகிறது என்றும் கேட்டாள்.



வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தியிருந்தது. பக்கத்திலேயே ஒரு சிகரெட்டைக் குத்தி, நாத்தனார் தீக்குச்சியைக் காட்டினாள். நுனி கருகியது. பற்றவில்லை.

இன்னொரு குச்சி. அதுவும் வீண்.

வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும் என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் அகிலனைப் பார்த்தார்கள். அவள் மகன். கல்லூரியில் படிக்கிறவன்.

ஆஸ்பத்திரியில் அவர் இவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் போட்ட துளையின் மேல் வைத்து அழுத்தினார். அப்போதே பேச்சு போய்விட்டது. இவன் அழுதுகொண்டே தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

வேண்டாம்ப்பா, இருமல் வரும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் சிகரெட்டை உருவி உதட்டோரத்தில் வைத்துவிட்டான். ஜன்னல் காற்றுக்கு முதுகைக் காட்டினான். குவித்த கைக்குள் ஒரே குச்சி. நுனி சிவந்தது.

அவன் இருமவில்லை.

புகை மூக்கு வழியே நிதானமாக வந்தது. சாம்பல் இன்னும் சேரவேயில்லை. ஆனாலும் விரல் ஒரு தட்டுத் தட்டியது.



நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாருங்க மதினி. அப்படியே எங்கண்ணனை உரிச்சு வச்சிருக்கான்."

எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். அவளும் விழுந்தாள்.

எழுந்ததும், அந்த எண்ணுக்காகப் பெட்டியைத் தேடினாள்.

படையலில் மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.