முடியாத வேலை

சௌந்தரியின் கழுத்திலிருந்து வெட்டியெடுத்த தைராய்டுக் கட்டியை ஒரு டப்பாவில் போட்டு அவள் புருஷன் மாசிலாமணியிடம் கொடுத்து, பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கச் சொன்னார்கள். பெண்டாட்டியின் ஒரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனான். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது மருந்துத் தண்ணீருக்குள் புரண்டு படுத்தது. அவளும் அப்படித்தான், எழுப்பினால் புரண்டு படுப்பாள். 'சோம்பேறி' என்று அவன் வையாத காலை கிடையாது.

டப்பாவை வாங்கிய டாக்டரம்மா கூட வந்த சீட்டைப் படித்துவிட்டு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சொந்தத்துல கட்டுனீங்களா?"

"அக்கா மகதாங்க."

"உப்புல வர்ற அயோடின ஹார்மோனா மாத்த ஒரு என்சைம் வேணும். இவங்களுக்கு அது பிறவியிலேயே சரியில்லன்னு நினைக்கிறோம். பாவம், இது ஓய்வில்லாம உழைச்சிருக்கு. ஒண்ணும் உருவாகல, அதான் உடம்புக்கு எப்பவும் அசதியும் தூக்கமும். உழைச்சு உழைச்சேதான் இவ்வளவு பெருசா வீங்கியிருக்கு. பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

வெளியே வந்து சாயங்கால வெயிலில் நின்றான். வீட்டிலிருந்து அவன் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து படுத்தவ, உன் மக, விளக்கு வைக்கிற நேரமாகப்போவுது, இன்னும் எந்திரிக்கலடா. ஆத்தாள அப்படியே உரிச்சு வச்சிருக்கா. மூஞ்சில தண்ணிய ஊத்தட்டுமா?"

நேற்றுவரை அவனே சொம்போடு போய் நின்றவன்தான்.

"வேண்டாம்மா," என்றான். "அவ வேலை பாத்துக்கிட்டிருக்கா."