மூடி போடாத மிஷின்

“ஆஸ்பத்திரியில எங்க அடிபட்டுச்சின்னு கேட்டா என்னான்னு சொல்லணும் வக்கீலம்மா?”

கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எழிலரசி, கறுப்புக் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே திரும்பினாள். வாசலில் சாமிக்கண்ணு நின்றிருந்தார். இடது கையில் ஒரு பிளாஸ்க். மணிக்கட்டோடு நின்றுபோன வலது கை, தோளில் கிடந்த துண்டுக்குள் ஒளிந்திருந்தது.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தன் ஆபீஸைத் தேடி இந்த மனுஷன் வருவார் என்று நினைப்பதையே அவள் விட்டுவிட்டிருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சிதம்பரம் ரோட்டில் இருந்த குழாய்க் கம்பெனியில், கழிவு பிளாஸ்டிக்கை அரைக்கிற மிஷின் அந்தக் கையை இழுத்துக்கொண்டது. மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையால் தள்ளிக் கொடுத்தால்தான் வேலை சீக்கிரம் முடியும் என்பது அந்தக் கம்பெனி வழக்கம். விஷயம் கேள்விப்பட்டு எழிலரசி தானே பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனாள். அப்போதுதான் வக்கீலாகப் பதிவு செய்திருந்தாள், வேகம் ஜாஸ்தி. “கேஸ் போடுங்கய்யா. நஷ்டஈடு கெடைக்கும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து அந்த மிஷினுக்கு மூடியும் போட வெப்பாரு” என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கேஸ் போடாமல் இருந்தால் மூத்த மகன் கதிரவனுக்கு அங்கேயே வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். “எங்க பொழைப்புல மண்ணைப் போட்டுடாதம்மா” என்று, மிச்சமிருந்த ஒரு கையால் கும்பிடவும் செய்தார்.

இப்போது வந்து நிற்கிறார்.

“வேலை செய்யுற எடத்துல அடிபட்டுச்சின்னு சொல்லணும். உள்ளதைச் சொல்லணும். உக்காருங்க” என்றாள். குரலில் கொஞ்சம் காரம் இருந்தது.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “கம்பெனி ஆளு முந்திக்கினு, வீட்டு மோட்டார்ல கை மாட்டிக்கிச்சின்னு சொல்லியிருந்தாங்கன்னா?”

“உங்க விஷயத்துல அப்படித்தான சொன்னாங்க? நீங்களும் ஆமான்னு தலையாட்டிட்டீங்க. உடனே, மறுநாளாவது டாக்டர்கிட்ட போயி, அது பொய்யின்னு சொல்லியிருக்கணும்.”

“மறுநாள் சொன்னா எடுபடுமா?”

“எடுபட்டிருக்கும். கூட வேலை பார்த்த ரெண்டு பேரு சாட்சி சொன்னா இன்னும் நல்லது.”

சாமிக்கண்ணு சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது போலிருக்கிறது என்று எழிலரசி நினைத்தாள்.

“வேலை கான்ட்ராக்ட்டுதான், நெரந்தரம் கெடையாது. அப்படி இருந்தாலும் குடுப்பாங்களா?”

“கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் கம்பெனி தப்பிக்க முடியாது.”

“மூடியை நீதான கழட்டுன, உன் தப்புன்னு சொன்னாங்கன்னா?”

“கழட்டச் சொன்னது யாரு? மூடியோட வேலை செஞ்சா மெதுவா ஓடுதுன்னு திட்டுனது யாரு? அதெல்லாம் கேக்கத்தான நாங்க இருக்கோம்.”

“எதுவும் வேணான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா?”

“சட்டத்துல இருக்குற உரிமையை யாரும் எழுதி வாங்கிக்க முடியாது. அந்தக் காகிதம் செல்லாது. ஆனா போடாம இருக்குறது ரொம்ப நல்லது.”

அவர் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லணும். சாட்சி. கையெழுத்து வேண்டாம். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல அவர் மனப்பாடம் செய்வதைப் பார்க்க எழிலரசிக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. அன்றைக்கு இதில் பாதி அக்கறை இருந்திருந்தால்!

“ஐயா, இதையெல்லாம் அன்னிக்கே உங்க வீட்டு வாசல்ல நின்னு கத்துனேன். கேஸ் போட சட்டம் குடுத்த கெடு எப்பவோ முடிஞ்சி போச்சி. தாமதத்துக்குக் காரணம் கேப்பாங்க. நானா வேணான்னுட்டேன்னு சொன்னா எந்த அதிகாரி ஒத்துக்குவாரு? உங்க கைக்கு இனிமே நான் என்னா பண்ண முடியும், சொல்லுங்க?”

சொல்லி முடித்ததும் அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு கிழவனைப் போய் இப்படி விரட்டியிருக்க வேண்டாம். அன்றைக்கும் இன்னும் நாலு தரம் நடந்து, கெஞ்சியாவது சம்மதிக்க வைத்திருக்கலாம். ரோஷப்பட்டுத் திரும்பிவிட்டோமே என்று அவளுக்கும் உறுத்தத்தான் செய்தது.

“தப்பு எம்மேலதாம்மா” என்றார் சாமிக்கண்ணு. “மூடி போட வெப்பாங்கன்னு நீ சொன்னதைத்தான் ராத்திரியெல்லாம் நெனைச்சிக்கினு இருந்தேன்.”

“சரி, விடுங்க. டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க.”

“வேணாம்மா. ஆஸ்பத்திரியில பார்க்க உடுற நேரமாச்சி.” பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீ கோர்ட்டு முடிஞ்சதும் அங்க வந்துடு.”

“ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு?”

“எங் கை போனது போவட்டும்மா. என் எடத்துல, அதே மிஷின்லதான் கதிரவனுக்கு வேலை குடுத்தாங்க. நேத்து சாயங்காலம் அவன் கையையும் இழுத்துக்கிச்சி.”

ஒரு கையில் மட்டும் மாட்டியிருந்த கோட்டை எழிலரசி கழற்றி நாற்காலியில் போட்டாள்.

வாசல்படியில் நின்று சாமிக்கண்ணு சொன்னார்: “காலையிலயே மேனேஜரு காகிதத்தோட வார்டுக்கு வந்துட்டாரும்மா, கேஸ் போடாம இருந்தா சின்னவனுக்கு அந்த வேலையைத் தர்றாராம்.”