கீழ் அம்பு

"போட்டுட்டான்! பாவிப்பய மறுபடியும் போட்டுட்டான்!"

அவன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டு, உள்ளறையில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த மனைவி கிண்ணமும் கையுமாக வந்து நின்றாள்.

"யாரு, எதைப் போட்டான்?"

"அந்த விருந்தாளிதான். நான் பதிவு போட்டு இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகல. அதுக்குள்ள கீழ் அம்பு!"

அது ஊரில் உள்ளவர்கள் எல்லாம் செய்தி போடும் இணையதளம். படிப்பவர்களுக்குப் பிடித்தால் மேல் அம்பை அழுத்துவார்கள், பிடிக்காவிட்டால் கீழ் அம்பை. போட்ட சூட்டோடு மேல் அம்புகள் குவிந்தால் முதல் பக்கம் நிச்சயம். அந்தச் சூட்டில் ஒரே ஒரு கீழ் அம்பு விழுந்தாலும் பதிவு பாதாளத்துக்குப் போய்விடும். யார் எந்தப் பதிவுக்கு எதை அழுத்துகிறார்கள் என்பது ஒரு பக்கத்தில் லைவாக ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் பதியாமல் சும்மா நுழைகிறவர்களுக்கு அந்தத் தளமே 'விருந்தாளி' என்று பெயர் வைத்து ஓர் எண்ணையும் கொடுத்துவிடும்.

பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாமான்களை நாமே ரிப்பேர் செய்வது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தான் அவன். லைவை விடாமல் பார்த்து, சரியான ஆள் வரும் நேரத்தில் பதிவைப் போட்டால் ஜெயித்துவிடலாம் என்பது அவன் கண்டுபிடிப்பு. முகத்தைப் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று, மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பூவும் பூனையும் வைத்திருக்கும் இடத்தில் தன் சிரித்த முகத்தையே பெரிதாக வைத்திருந்தான்.

"எல்லாருக்குமா போடுறான்?" என்றாள் மனைவி.

"அதானே வயித்தெரிச்சல்! ஆயிரம் பேர் பதிவு ஓடுது, ஒண்ணையும் தொட மாட்டான். என் மூஞ்சியக் கண்டாத்தான் ஆகல அவனுக்கு. காலையில, மத்தியானம், ராத்திரின்னு மருந்து சாப்பிடுற மாதிரி வந்துடுறான்."

"எவனோ பொறாமை பிடிச்சவன். இருந்தாலும் பேச்சு பேச்சுதாங்க. இன்னிக்குள்ள முதல் பக்கம் வரலைன்னா, நாளையிலேர்ந்து எங்கப்பாவோட மெத்தைக் கடை."

மாமனார் மெத்தை விற்கிறவரே தவிர, கடையில் யாரையும் உட்கார விடுகிறவர் அல்ல. மாப்பிள்ளை என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது.

மத்தியானம் ஓர் அதிசயம் நடந்தது. நோட்டம் பார்க்க ஒரு சின்னப் பதிவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். விருந்தாளியைக் காணோம். சாயங்காலம் இன்னொன்று போட்டான். அப்போதும் ஆள் அரவமே இல்லை.

"ஒழிஞ்சான்டி சனியன்!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

"சந்தோஷம். அந்த டேப்லெட்டைக் கொஞ்சம் பாருங்களேன். காலையிலேர்ந்து சார்ஜே ஏறல. ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க, வீட்டுல ஒரு சாமான் ஒழுங்கா ஓடல."

வேறு நாளாக இருந்தால் 'நாளைக்கு' என்றிருப்பான். அன்று அவனுக்கு இருந்த குஷியில் வாங்கித் திறந்து, விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்து, சார்ஜ் ஏற்றி, துடைத்தும் கொடுத்தான். மனைவி அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது.

இருட்டியதும் லைவில் 'கொட்டாவி' வந்தான். அவன் ஒரு மேல் அம்பு போட்டால் பின்னாலேயே ஐம்பது பேர் போடுவார்கள், அதனால்தான் அந்தப் பெயர். அவன் வாசம் பட்டதுமே நம் ஆள் தன் கடைசிப் பதிவைப் போட்டான்: 'சத்தம் போடும் மின்விசிறியை அடக்குவது எப்படி?'

கொட்டாவி மேல் அம்பு போட்டான். அடுத்து பத்துப் பேர், இருபது பேர். முதல் பக்கத்தின் வாசற்படியில் கால் வைத்தாயிற்று. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தான்.

விருந்தாளி. கீழ் அம்பு.

"வந்துட்டான்! நாசமாப் போறவன் வந்துட்டான்!" என்று அலறிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினான். மனைவியிடம் சொல்லி அழவாவது வேண்டாமா?

அங்கே குழந்தை வாய் நிறைய சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தது. எதிரே சுவரில் சாய்த்து வைத்த டேப்பில் அதே லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய சிரித்த முகம் மறுபடி திரையில் ஏறியதும் குழந்தை கிரீச்சிட்டுக் குதித்து, அந்த முகத்தின்மேல் பளாரென்று ஒரு தட்டு தட்டியது. முகத்தை ஒட்டினாற்போல் இருந்த கீழ் அம்பு சிவப்பாக மின்னியது.

"இது ஓடினாத்தாங்க இவ வாயையே தொறக்குறா," என்றாள் மனைவி, ஸ்பூனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவும் நீங்க வந்துட்டா தலைகால் புரியாது, உடனே ஓங்கி ஒரு தட்டு. எதுக்கு இப்பக் கத்துனீங்க?"

அவன் குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டு, "பாப்பா, இங்க பாரு, அப்பா இங்க இருக்கேன்டா," என்றான்.

குழந்தை அவனை யாரோ என்பதுபோல ஏற இறங்கப் பார்த்தது. பிறகு திரும்பி, டேப்பில் இருந்த அப்பாவைத் தட்டத் தொடங்கியது.

அவன் போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டான்.

"மாமா, உங்க கடையில சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீங்க?"