சீட்டில் இருக்கிறதாம்

புதுச்சேரி கண் மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில், ‘தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம்’ என்ற பதாகைக்குக் கீழே பாவா உட்கார்ந்திருக்கிறார். கண் முகாம் வழியாக வந்து இங்கே புரை எடுத்துப் பன்னிரண்டு நாளாகியும் கண்ணில் போட்ட வெட்டு மூடவில்லை. கம்பி ஜன்னல் வெயிலில், கட்டின் ஓரம் மஞ்சளாக நனைந்து தெரிகிறது. சர்க்கரை உள்ளவருக்குப் புண் மெதுவாகத்தான் ஆறும், குனியாதீர்கள், உட்கார்ந்தே தொழுங்கள் என்று ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. நெற்றி தரையில் பட ஐந்து வேளையும் தொழுதிருக்கிறார். இனி தையல் போடவேண்டுமாம். பார்வை மிஞ்சுமா என்பது தையலுக்குப் பிறகுதான் தெரியும் என்கிறார் டாக்டர். “எல்லாம் சீட்டுல இருக்கும்மா, படிக்க வேணாமா?” என்கிறார் முகாம் பொறுப்பாளர் பிரேம்குமார், செல்போனிலிருந்து தலை தூக்காமல். “என் கையில குடுக்காம அவரு சட்டப் பையில திணிச்சி அனுப்புனீங்க. ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணுல புரை. எறும்பு மாதிரி எழுத்து. உங்க அப்பாவா இருந்தா படிச்சிருவாரா?” பாவாவின் மனைவி ரமீஜா அவர் கண்கட்டைச் சுட்டிக் காட்டுகிறாள். “உடு ரமீஜா” என்று பாவா அவள் முந்தானையை இழுக்கிறார். அவள் விடவில்லை. எதிர் பெஞ்சில், இன்று அறுவைசிகிச்சைக்கு வந்தவர்கள் எந்தக் கண் என்று காட்ட நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியும் கையில் அதே சீட்டுமாகக் காத்திருக்கிறார்கள். தவளக்குப்பத்து அஞ்சலாட்சி தன் சீட்டை நீட்டுகிறாள். “எனக்குக் கொஞ்சம் படிச்சிக் காட்டேம்மா.” ரமீஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள்: “சுகர் இருக்கறவங்க மொதல்ல கையத் தூக்குங்க.” அஞ்சலாட்சியின் கையோடு சேர்த்து ஒன்பது கைகள் எழுகின்றன.