கை நனைக்காதவர்கள்

"என் பேரு சகாயராஜ். வயசு இருபத்தொண்ணு. இப்ப தஞ்சாவூர்ல ரூம்ல இருக்கேன்…"

துணி மடித்துக்கொண்டிருந்த பிரசாத் சிரித்தான். "சொந்த அம்மாகிட்டயே பேரு, வயசு எல்லாம் சொல்றீங்களே, எல்டர்?"

"எங்கம்மாவுக்குப் போன்ல பேசினா காது கேக்காது, படிக்கவும் தெரியாது. தங்கச்சி காலேஜ் போயிட்டா, யாரு கையில போன் கிடைக்குதோ அவங்கதான் படிச்சுக் காட்டணும். யாரு அனுப்பினதுன்னு தெரிய வேணாமா?"

அவன் சொல்லச் சொல்ல போனில் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன.

மார்மன் சபையில் ஊழியம் செய்யும் பையன்களுக்குத் திங்கட்கிழமைதான் துணி துவைக்கவும் வீட்டோடு பேசவும். மற்ற நாளெல்லாம் வெள்ளைச் சட்டை, டை, ஊர் ஊராக நடை. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். பெயருக்கு முன்னால் 'எல்டர்' உண்டு. பிரசாத் ராஜமுந்திரிக்காரன். சகாயராஜுக்குச் சொந்த ஊர் திருப்பனந்தாள்; கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தபோது சபையில் சேர்ந்தவன், ஊர் கேட்டால் கோயம்புத்தூர் என்றே சொல்வான்.

"அம்மா, இந்த வாரம் நல்லா போகல. ஒரு குடும்பம் சபைக்கு வரும்னு நம்பிக்கிட்டு இருந்தோம். கெட்டுப்போச்சு" என்றான் போனிடம்.

அது பூதலூர் மரியபுஷ்பத்தின் குடும்பம். அவள் மகள் ஜூலியட், சபை நடத்தும் இலவச இங்கிலீஷ் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். "எங்கம்மா உங்களப் பாக்கணும்ங்குது" என்று அவள்தான் வழிகாட்டிக் கூட்டிப் போனாள். சகாயராஜின் ஊழியத்தில் வா என்று கூப்பிட்ட முதல் வீடு.

போனதும் காபி வந்தது.

"எங்க சபையில காபி, டீ குடிக்கிறதில்லைங்க."

"காபி குடிக்காத கிறிஸ்தவன இன்னைக்குத்தான் பாக்குறேன்!" மரியபுஷ்பம் சிரித்துக்கொண்டே அந்த டம்ளரைத் தானே குடித்துவிட்டாள்.

அடுத்த முறை செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிரசாத்துக்கு அப்போதுதான் டைபாய்டு வந்து தேறியிருந்தது. வடிகட்டின தண்ணீர் தவிர எதையும் தொடக் கூடாது என்று சபையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இருவரும் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்கள்.

"கோயம்புத்தூர்க்காரங்களுக்கு எங்க ஊர்த் தண்ணி தொண்டையில எறங்காதோ?"

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜூலியட் கெஞ்சிக் கூப்பிட்டாள். போனால், வாழையிலை போட்டு, கோழிக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள் மரியபுஷ்பம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அன்று மாதத்தின் முதல் ஞாயிறு; சபையே உபவாசம் இருக்கும் நாள். முன்கூட்டிச் சொல்லிவைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

"இன்னைக்கு எங்களுக்கு ஒருசந்திங்க. சாயங்காலம் வரைக்கும் பச்சத் தண்ணிகூடக் கிடையாது" என்றான் சகாயராஜ்.

"ஞாயித்துக்கிழமையில ஒருசந்தியா? ஆண்டவர் உயிர்த்த நாள்ல எந்தக் கிறிஸ்தவன் பட்டினி கெடப்பான்? பொய்யையாவது பொருத்தமாச் சொல்லுங்க தம்பி."

"பொய் இல்ல ஆண்ட்டி…" என்றான் பிரசாத்.

"நீ வெளியூருப் புள்ள, உனக்கு இது புரியாது. இந்தத் தம்பிக்குப் புரியும்." சகாயராஜை நேராகப் பார்த்தாள். "கல்லறையில எங்க பொணம் தனியா கெடக்கணும்னு நடுவுல சுவரு எழுப்புன ஆளுங்களையும் பாத்தவ நான். அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நீங்க பைபிளக் கையில வச்சுக்கிட்டு காபி வேணாம், தண்ணி வேணாம், சோறு வேணாம்னு சுத்தி வளைக்கிறீங்க. காலனி வீட்ல கை நனைக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? நீ எந்தத் தெருன்னு நான் கேக்க மாட்டேன். கேக்காமலே தெரிஞ்சுபோச்சு."

சகாயராஜ் வாயைத் திறந்தான். பக்கத்தில் பிரசாத் நின்றுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டான்.

ஜூலியட் தலை நிமிராமல் வந்து, வெறும் இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

"இன்னொரு வாட்டி போய்ப் பேசினா என்ன, எல்டர்?" என்றான் பிரசாத் இப்போது.

"எங்கேருந்து போறது? சாயங்காலம் ரயிலு." காலையில்தான் சகாயராஜை விசாகப்பட்டினத்துக்கு மாற்றித் தகவல் வந்திருந்தது. "ஜூலியட்டும் போன எடுக்க மாட்டேங்குது."

"நல்லவங்க அவங்க. நம்மளத் தப்பா நினைச்சிட்டாங்க." பிரசாத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் வரை சகாயராஜ் காத்திருந்தான். பிறகு போனை உதட்டருகே கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான்.

"இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு ஒரு நடை பூதலூர் வரைக்கும் போயிட்டு வாங்க. மரியபுஷ்பம் வீடுன்னு கேட்டா காட்டுவாங்க. காபி குடுத்தா குடிங்க, சோறு போட்டா உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் அந்த அக்காகிட்ட சொல்லுங்க: 'அன்னைக்கு வந்த பையன் எங்க திருப்பனந்தாள் காலனிப் புள்ளதான், கூட வந்தவனுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு வாயத் திறக்காம நின்னுட்டான்'னு."