ஒரே கை

பனியன் கம்பெனி முதலாளி ராஜவேல் நான்கு தாள்களை மேசைமேல் வைத்தார். துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று கணிக்க, 'ஆர்' என்ற புள்ளியியல் மொழியில் எழுதிய புரோகிராம் அது.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க அம்மணி. ஆனா பாருங்க, வரியெல்லாம் நூல் புடிச்சாப்பல நிக்குது. நம்ம துணிய வாங்கற பையர் கம்பெனி ஆளே அசந்துட்டாருங்க."

கம்பெனியின் புரோகிராம் பிரிவைக் கவனிக்கும் சித்ரகலா வரி வரியாகப் படித்தாள். ஓர் இடைவெளிகூடப் பிசகவில்லை. புரோகிராமுக்குள் வைத்த பெயர்களெல்லாம் ஒரே தினுசு. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"இந்தச் சுத்தம் உங்களுக்கு மட்டுந்தான் வரும். ஆர்டரும் குறைஞ்சு போச்சு. உங்களுக்குக் கீழ இருக்கற மூணு பொண்ணுகளையும் இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமுங்களா? நீங்க ஒருத்தரே போதும்" என்றார் ராஜவேல்.

"சார், மேல எழுதுன தேதி போட்டிருக்குது. கொஞ்சம் படிங்க."

"மார்ச் பன்னண்டு, ரெண்டாயிரத்து ஒம்பது. அதுக்கென்னங்க?"

"அந்த மாசம் பூரா நான் பிரசவத்துக்குக் கணியூர்ல எங்கம்மா ஊட்டுல இருந்தேனுங்க. கம்ப்யூட்டரையே தொடலை."

ராஜவேல் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அந்தப் புள்ளைகளா எழுதுச்சு? மூணு பேர்ல யாருங்க?"

ஒரு வரி கோணினாலும் மூவரையும் திரும்ப எழுதவைத்து, இரண்டு வருடமாக அவர்களிடம் திட்டு வாங்கியவள் சித்ரகலா. தாள்களை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள்.

"மூணு பேரு எழுதறதும் ஒரே கையாட்டந்தான் இருக்குது, எனக்கே கண்டுபுடிக்க முடியலீங்க சார்" என்றாள், தலையை நிமிர்த்தி.