மேடு ஏறாத வண்டி

“மச்சான், உங்க கைப்பக்குவம் போயிடுச்சு. ஒத்துக்கங்க!”

பானெட்டைத் திறந்த கையோடு மாப்பிள்ளை கத்தினார். கடையில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வேறு ஆளாயிருந்தால் சாவியைத் தூக்கி எறிந்து, “போய்யா வெளியே” என்றிருப்பார். இவர் தங்கையின் புருஷனாயிற்றே! இங்கே ஒரு வார்த்தை தடித்தால் அங்கே வீட்டில் அவள்தானே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? அந்தத் தங்கையும் பக்கத்தில்தான் நின்றாள், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

“சமதளத்துல நல்லாத்தான் ஓடுது. மேடு வந்தா மூச்சு வாங்குது, சூடாகுது, நின்னுடுது. போன வாரம்தானே சரி பண்ணிக் குடுத்தீங்க? மேட்டு மேல குடியிருக்கிற பார்ட்னரைப் பார்க்கப் போக முடியல. பாதி வழியில திரும்பி வர்றேன். தொழில் என்னத்துக்கு ஆகும்?”

“பழைய வண்டி மாப்பிள்ளை...”

“பழைய வண்டியா, பழைய மெக்கானிக்கா?” என்று சிரித்தவர், மனைவி பக்கம் திரும்பினார். “இவளும் இந்தக் கடையிலதான் வளர்ந்தாளாம். ஒரு ஸ்பேனர் பேரு தெரியுமா இவளுக்கு?”

அதற்குள் மாப்பிள்ளையின் போன் அடித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு தெரு முனைக்கே போய்விட்டார்.

தங்கை வீட்டு வண்டி என்றால் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதைத்தான் முதலில் பார்ப்பார் மெக்கானிக். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பாயிண்ட் இடைவெளியும் சரி. இன்ஜினை ஓடவிட்டு டைமிங் லைட்டைப் பிடித்தார். நெருப்புப் பொறி தாமதமாக விழுந்தது; மேட்டில் இழுக்காததற்கு அதுதான் காரணம்.

குனிந்து, பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் டைமிங் வைத்ததும், அது அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இன்ஜினுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். இப்போது மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம்!

“யாரோ கையால திருப்பியிருக்காங்கம்மா! தெரியாத பய வேலை இல்ல. தெரியாதவன் கை வெச்சா வண்டி கிளம்பவே கிளம்பாது. இது அளவா திருப்பி, போல்ட்டையும் முறுக்கிட்டுப் போயிருக்கான். வண்டி தெருவுலதானே நிக்குது? என் மேல வயித்தெரிச்சல் பிடிச்ச எவனோ ஒருத்தன்...”

போட்டி மெக்கானிக்கான எதிர்க் கடைக்காரன் முகம்தான் அவர் கண் முன்னால் வந்தது. பல்லைக் கடித்தபடி, நிமிராமலே கையை நீட்டினார். எந்த நம்பர் என்று சொல்லவில்லை. பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. போல்ட்டில் கச்சிதமாகப் பொருந்தியது.

மெல்ல நிமிர்ந்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீயா?”

அதற்கு மேல் கேட்க முடியவில்லை, மாப்பிள்ளை வந்துவிட்டார். கோட்டோடு கோடு சேர்த்து, போல்ட்டை முறுக்கி, லைட் பிடித்துப் பார்த்தார். இன்ஜின் சத்தமே மாறிப்போனது.

ஒரு ரவுண்டு ஓட்டி வந்த மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். “அப்படி வாங்க வழிக்கு!” என்று மெக்கானிக்கின் தோளில் தட்டினார். மனைவியை வண்டியில் ஏறக்கூட விடவில்லை. “நீ பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போ. நான் மேல போயிட்டு வந்துடறேன்.”

எதிரே இருந்த மேட்டுச் சாலையில் வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அண்ணனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேம்மா! கூடப் பிறந்தவன் தொழிலை நீயே கெடுக்கலாமா? அந்த வண்டி மேடு ஏறினா உனக்கு எங்க வலிக்குது?”

வளைவில் வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் சொன்னாள்:

“அவ வீடு அங்கதாண்ணா இருக்கு.”